மையத்துக் காக்காவின் வாய்

கல்முனையில் செத்துப் புகழ் பெற்ற ஒரே மனுசர் மையத்துக் காக்காதான். மற்றவர்களெல்லாம் செத்தார்கள், அடக்கினோம், முடிந்தது. இவர் எழுபதுகளில் ஒரு படத்தில் செத்துவிட்டு, எண்பதுகளிலும் எங்கள் கடைத்தெருவில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் கடற்கரையில் எடுத்த படம் அது. நாடு முழுக்க ஓடியது. நாயகன் பெரிய ஆளானான். கடலில் மூழ்கிக் கரையொதுங்கிய மீனவராக, கொளுத்தும் வெயிலில் மணலில் மல்லாந்து கிடந்த எங்கள் ஆளுக்குக் கிடைத்தது ஒரு சோற்றுப் பார்சல். படத்தில் பேர்கூடப் போடவில்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வராது. 'நடிகர் சைக்கிள் கடை' என்று தானே பலகை எழுதி மாட்டிக்கொண்டார். ஊர் அவரை மையத்து என்றது. பிணத்துக்கு எங்கள் சொல் அது; காக்கா என்றால் அண்ணன்.

பக்கத்தில் சீமெந்து விற்றவன் நான். அந்த ஆளின் தொல்லை எனக்குத்தான் தெரியும். ஒட்டுக் காயும்வரை சும்மா இருக்க மாட்டார். கடை வாசல் வாங்குப் பலகையில் படுத்துச் செத்துக் காட்டுவார். ஒருநாள் சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு பொம்பிளை பார்த்துவிட்டுக் கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. எவனோ அவசரக்காரன் பள்ளிவாசலுக்கு ஓடி, மையத்துத் தூக்கும் சந்தூக்கையே ஆட்களோடு கொண்டுவந்துவிட்டான். காக்கா எழும்பி உட்கார்ந்து, "எப்பிடி நடிப்பு?" என்றார். தூக்கி வந்தவர்கள் அவரை உள்ளே போட்டு மூடப் பார்த்தார்கள். நான்தான் பிடித்து இழுத்தேன்.

"ஏன் காக்கா இந்தக் கூத்து?"

"ஒரு தரம் உசிரோட நடிக்கணும் மனே. ஒரு சொல்லு கதைச்சாப் போதும். அதுக்குத்தான் பழக்கம் விடாம வெச்சிரிக்கன்."

"பழகிறது சாகிறதுக்கெல்லோ?"

"தெரிஞ்சதத்தானே பழகலாம்."

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு டைரக்டர், புதுப் படத்துக்கு இடம் பார்க்க வந்தார். பழைய படமும் எங்கள் தியேட்டருக்குத் திரும்ப வந்திருந்தது. நான் நேரே போய் டைரக்டரிடம் சொன்னேன்: "உங்கட ஆக்கள் இந்த மனுசன ஏமாத்திட்டாங்க. வந்து படத்தப் பாருங்க. பாத்திட்டு ஒரு வேசம் குடுங்க." பயந்தாரோ என்னவோ, வந்தார். காக்கா அத்தர் பூசி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் தரம் படம் ஓடியபோது ஊரே நாயகியைப் பார்த்தது. இந்தத் தரம் ஊரே மையத்தைப் பார்த்தது. நாயகி அவர் மார்பில் விழுந்து அழுகிறாள். மையத்தின் உதடு அசைகிறது. ஒரு தரமல்ல. விட்டு விட்டு, நிதானமாக, அந்தக் காட்சி முடியும்வரை!

"டேய், மையத்துக் கதைக்குதுடா!"

"தண்ணி கேக்குது போல, குடுங்கடா!"

தியேட்டரே சிரித்து உருண்டது. காக்கா மட்டும் வாய் பிளந்து திரையைப் பார்த்தபடி இருந்தார்.

வெளியே வந்ததும் டைரக்டர் கேட்டார்: "என்ன ஐயா சொன்னீங்க அதில?"

காக்கா யோசித்தார். "லுஹருக்குப் பாங்கு சொன்னாங்க சேர். பதில் சொல்லியிரிக்கன் போல."

லுஹர் என்றால் பகல் தொழுகை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் வாய்க்குள் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். அதற்காக, செத்துக் கிடக்கும்போதுமா?

"நீங்க பிணமெல்லோ?" என்றார் டைரக்டர்.

"மௌத்தானது படத்திலதானே சேர். அது காதுக்குத் தெரியுமா?"

டைரக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "ஒரு வேசம் இருக்கு. ஆனா இந்த முறை வாய மூடிக்கொண்டு கிடக்கணும்" என்றார். திரும்பவும் பிணம்! எனக்குக் கை பரபரத்தது.

காக்கா மரியாதையாகச் சொன்னார்: "ஏலா சேர். வேற ஆளப் பாருங்க."

திரும்பி வரும்போது நான் டைரக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். காக்காவோ ரோட்டில் துள்ளிக் குதித்தார்.

"விடு மனே! நான் படத்தில கதைச்சிரிக்கன். இத்தன வருசம் எனக்கே தெரியாமப் போச்சே!"

அடுத்த நாள் பலகையில் 'பேசும் நடிகர் சைக்கிள் கடை' என்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் வாங்கில் படுத்துச் செத்துக் காட்டவேயில்லை.

சில வருடம் கழித்து ஒருநாள் உண்மையாகவே செத்தார். முகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வாய்க்குள் பதில் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பாங்கு முடியும்வரை அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.