ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷனும் என் ஸ்பேனரும்

மில் ஃபிட்டர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடுகிற மெஷினைப் பார்த்தால் கை அரிக்கும். ஃபோர்மேன் ஆன பிறகு எனக்கு அது முற்றிவிட்டது. பித்தப்பைக் கல்லெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வலியில் சுருண்டுகிடந்த என்னை ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள் என் மனைவி பாக்கியம். பித்தப்பை வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லையாம். நாலு ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவாராம். (எங்கள் வீட்டு டி.வி.யில் பாதி நேரம் புள்ளிதான் தெரியும்.)

எனக்கோ ஒரே பயம். ஃபோர்மேன் அதை வெளியே சொல்ல முடியுமா?

"ஞாயித்துக்கிழமை மெஷினை நம்பப்படாது டாக்டரம்மா. லீவு நாள்லதான் மக்கர் பண்ணும். நாளைக்கு வச்சுக்கிடுவோம்."

"நாளை வரைக்கும் உங்க பித்தப்பை தாங்கணுமே. மயக்க டாக்டர் வந்துட்டாரு, நர்ஸுங்க இருக்காங்க, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் நானே கத்தியைத் தொட மாட்டேன்" என்றார்.

ஜெனரேட்டர் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். போட்ட ஊசியில் வலி சற்று அடங்கியிருந்தது. பாக்கியம் போன் பண்ணப் போன நேரம் பார்த்து, முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி அங்கியோடு கொல்லைப்புற ஷெட்டுக்குப் போனேன். வாட்ச்மேனை அதட்டி ஓட்டச் சொன்னேன். நன்றாகத்தான் ஓடியது. (அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். திரும்புவேனா?)

"டீசல் லைன்ல காத்து இருக்கு. ஸ்பேனரை எடு."

"வேண்டாம் அண்ணாச்சி, நேத்துதான் மெக்கானிக் பாத்துட்டுப் போனாரு."

"ஏலே, எனக்கேவா?"

ஒரு திருகு திருகினேன். மரை கழன்று திருகாணி கையோடு வந்துவிட்டது. டீசல் பீய்ச்சி அங்கியெல்லாம் நனைந்தது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. குனிந்து விரலால் அடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால், செய்தி கேட்டு வந்த என் மில் ஆட்கள் ஆப்பிள் பையோடு நிற்கிறார்கள். அங்கி முடிச்சு எப்போது அவிழ்ந்ததோ தெரியாது. ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

டாக்டரம்மா சொன்ன சொல் மாறவில்லை. ஜெனரேட்டர் சரியானால்தான் ஆபரேஷன். மெக்கானிக்கோ தேவதானத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என் மச்சினன் மொபெட்டில் அவரைத் தேடிப் போனான். அதற்குள் ஊசியின் வேகம் இறங்கி, வலி ஏறியது. செத்தே போவேன் என்று நினைத்தேன். பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை மெஷின் மக்கர் பண்ணும்னு சொன்னிய. சொன்னபடி பண்ணிட்டியளே."

சாயங்காலம் மெக்கானிக் கல்யாண வேட்டியோடு வந்து சரிசெய்தார். ஆபரேஷன் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

பிற்பாடு மகளைப் பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்த்தபோது, ஒரு ஆள்தான் கூட இருக்கலாம் என்றார் நர்ஸ். பாக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேர் வேணும்மா. புள்ளைக்கு நான் இருக்கேன். இவியளைப் புடிச்சு வைக்க ஒரு ஆள் வேண்டாமா?"

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இரண்டு பேர்தான் துணைக்குப் போகிறார்கள்.