அரை இஞ்சு வித்தியாசம்

கோவர்த்தனன் கொடுத்த வாக்கை மீறியதே இல்லை. நிறைவேற்ற வேண்டிய நாள் வராதபடி பார்த்துத்தான் வாக்கே கொடுப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மனைவி அம்சவேணிக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்தார்.

"வண்டி ரெடி ஆவட்டும் வேணி. மறுநாளே ஷெட்டு உன்னுது."

வண்டி என்பது அவருடைய நைனா வாங்கிய பழைய பியட் கார். ஷெட்டு என்பது நகரியில் வீட்டை ஒட்டி, ஒரு காலத்தில் நாலு விசைத்தறி ஓடிய இடம்; இப்போது அந்த வண்டி நிற்பது அங்கேதான். நல்ல உயரம், நல்ல வெளிச்சம், ஒரு ஃபேன். அம்சவேணி ஜாக்கெட் தைப்பவள். அவளிடம் மூன்று மிஷின்; தைக்கச் செங்கம்மாவோடு சேர்த்து மூன்று பெண்கள். எல்லாம் வீட்டு நடையில். ஒருத்தி மிஷினை மிதித்தால் அடுத்தவளின் முழங்கால் ஆடும்.

ஷெட்டில் கோவர்த்தனன் இருந்தார். தறிகளை விற்றுவிட்டு ஓய்ந்தவருக்கு, உள்பக்கம் தாழ்ப்பாளும் மேலே ஃபேனும் உள்ள இடம் ஊரில் வேறு கிடையாது. கறிவேப்பிலை வாங்கக் கூப்பிட்டால் "வண்டி வேலைல கீறேன்" என்பார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்வார்.

உண்மையில் முதல் வருஷம் வேலை செய்யத்தான் செய்தார். துருப்பிடித்த முன் பம்பருக்குப் பதில் ஒன்று வரவழைத்தார். பழைய வண்டிகளுக்குப் புதிதாகப் பாகம் செய்து விற்கிற கடை, எங்கோ வடக்கே. 'அச்சு அசல்' என்று அட்டைப்பெட்டி மேலேயே போட்டிருந்தான். பிரித்து வைத்துப் பார்த்தால் போல்ட் ஓட்டை அரை இஞ்சு தள்ளி இருந்தது. கோவர்த்தனன் கொதித்துப் போனார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து வந்த கதவு ரப்பர் தடிமன். ஓட்டுநர் பக்கக் கதவை ஓங்கிச் சாத்தினால் அந்தப் பக்கக் கதவு திறந்துகொண்டது. இந்த முறை ஒரு நாள்தான் கோபம்.

மூன்றாவதாக வந்த முன் கிரில் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. ஒரு பக்கம் வாய் கோணியது. அதைப் பார்த்தபோது கோவர்த்தனனுக்கு மனசுக்குள் ஏதோ குளிர்ந்தது. பாகம் பொருந்தாதவரை வண்டி ரெடி இல்லை. வண்டி ரெடி இல்லாதவரை ஷெட்டு தன்னுடையது. அன்றிலிருந்து ஊர் ஊராக விசாரித்து, எந்தக் கடைப் பாகம் சுத்தமாகப் பொருந்தாதோ அங்கேதான் ஆர்டர் போட்டார்.

ஒரு நாள் அம்சவேணி கழுத்தில் தொங்கிய டேப்போடு ஷெட்டுக்குள் வந்தாள்.

"இன்னாங்க, இன்னும் எவ்ளோ கீது?"

"பம்பரே ஒக்கார மாட்டேங்குது வேணி."

"எவ்ளோ வித்தியாசம்?"

"அரை இஞ்சு."

"அரை இஞ்சா? நா தெனம் பத்து ஜாக்கெட்டுல அரை இஞ்சு புடிக்கறேன், அரை இஞ்சு உடறேன்."

"இது இரும்பும்மா. தையலப் பிரிச்சி உட முடியுமா?"

"முடியாதுதான்" என்று ஒப்புக்கொண்டாள். "எனக்கு இன்னா தெரியும். நீங்க சொல்லிக் குடுத்தா தெரிஞ்சிக்கறேன்."

முப்பது வருஷத்தில் அம்சவேணி அவரிடம் எதையும் சொல்லிக்கொடுக்கக் கேட்டதில்லை. கோவர்த்தனன் கரைந்தே போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி சுற்றிவர ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றார். நல்ல பாலிஷ் என்றால் முதலில் தாமிரம், அதன்மேல் நிக்கல், கடைசியில்தான் குரோமியம். நேரே குரோமியம் பூசினால் வெளுத்துப் பல்லிளிக்கும் என்றார்.

"இத்த யாருமே சரி பண்ண முடியாதா?"

"புத்தூர்ல கங்கையான்னு ஒருத்தர். அவரு கை பட்டா எதுவும் ஒக்காரும். ஆனா இப்பல்லாம் வேலை எடுக்கறதில்ல." கடைசி வாக்கியம் மட்டும் பொய்.

அம்சவேணி அளவு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். மோனிகா ஜாக்கெட், கழுத்து ஏழு, கை ஒன்பது. அதற்குக் கீழே பம்பர், ஓட்டைக்கு ஓட்டை இவ்வளவு. எழுதட்டும், பாவம் என்று நினைத்தார் கோவர்த்தனன்.

அடுத்த மாதம் வெதுருகுப்பத்திலிருந்து அவருடைய தங்கை போன் செய்தாள். புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அண்ணன் வந்து நின்றால்தான் வேலை நடக்கும் என்றாள். அம்சவேணிக்குத் தீபாவளி ஆர்டர், வர முடியாது. கோவர்த்தனன் தனியாகக் கிளம்பிப் போனார். மூன்று நாள் என்று போனவரைத் தங்கை பத்து நாள் பிடித்துவைத்துக்கொண்டாள். தினம் கறி. கிளம்புகிறேன் என்றால் கண்ணீர். பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அவள் யாருக்கோ போன் பண்ணிக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாளு இருண்ணா" என்றதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு பியட் நின்றது. யார் வந்திருக்கிறார்கள் என்று யோசித்தார். நம்பரைப் பார்த்தார். தன் வண்டியேதான்.

பம்பர் உட்கார்ந்திருந்தது. கிரில் வாய் நேராகியிருந்தது. கதவைச் சாத்தினார். 'டப்' என்று அடக்கமாக மூடியது. அந்தப் பக்கக் கதவு அசையவே இல்லை. அம்சவேணியின் டேப்பை வாங்கி இடைவெளியை நாலு பக்கமும் அளந்தார். நூல் பிசகவில்லை.

"கங்கையா அண்ணன் வந்தாரு" என்றாள் அம்சவேணி. "அளவக் காட்டினேன். ஓட்டைய நீட்டி அராவினாரு. ரப்பர மெலிசா சீவினாரு. பாலிஷுக்குத் திருப்பதிக்கு அனுப்பிச்சோம். மொதல்ல தாமிரம் போடச் சொன்னேன். நீங்கதானே சொன்னீங்க?"

கோவர்த்தனன் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். "நல்லாத்தான் கீது. ஆனா ரெடின்னு சொல்ல முடியாது. அந்த ஹாரன் மூடி அசலு இல்ல பாரு."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"நீங்க சொன்னா சரிங்க. நீங்க ரெடின்னாதான் ரெடி" என்று அவள் மிஷினுக்குத் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை திருப்பதில பழைய வண்டிங்க கண்காட்சியாம். பேரு குடுத்துட்டேன். சும்மா பாத்துட்டு வரலாம்."

கண்காட்சியில் முப்பது வண்டிகள். கூட்டம் கோவர்த்தனன் வண்டியைத்தான் மொய்த்தது. ஆள் ஆளுக்குக் கதவைத் திறந்து, சாத்தி, காது கொடுத்துக் கேட்டார்கள். நடுவர் உமாபதி பம்பரில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். 'பொருத்தமும் பூச்சும்' பிரிவில் முதல் பரிசு என்று அறிவித்து, மைக்கை நீட்டித் தெலுங்கில் கேட்டார்: "பனி அந்தா மீரே சேசாரா?" வேலை எல்லாம் நீங்களேதானா?

கோவர்த்தனன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தைப் பார்த்தார். இருநூறு பேர்.

"அந்தா நேனே சார்!" என்றார். எல்லாம் நானேதான்.

"இன்னும் ஏதாவது பாக்கி?" என்றார் உமாபதி.

"ஏமி லேது! மொத்தம் ரெடி! ஹண்ட்ரட் பர்சென்ட் ரெடி!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்சவேணி போனில் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"கேட்டியா செங்கம்மா? ஐயாவே மைக்குல சொல்ட்டாரு. மிஷினுங்கள உள்ள போடு."

சாயங்காலம் கேடயத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். ஷெட்டில் மூன்று மிஷின், வெட்டுகிற மேஜை, ஆளுயரக் கண்ணாடி. ஃபேன் செங்கம்மாவின் தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. துணி மாட்டிப் பார்க்க ஒரு மூலையில் திரை வேறு. 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று வாசலில் அட்டை தொங்கியது.

கோவர்த்தனன் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அது சரி வேணி, நா எங்க ஒக்கார்றது?"

"வண்டியிலதாங்க" என்றாள் அம்சவேணி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "கண்ணாடிய எறக்கி உட்டுக்கினு ஒக்காருங்க, காத்து வரும்."