மஞ்சள் கோட்டுக்குள் யார்?

படத்துக்குக் கீழே 'பெயர் இல்லை' என்று எழுதியிருந்தது. ஜமாரி அதை மூன்று முறை படித்தான்.

இருபத்து மூன்று வருடமாக பால்டிமோரில் அவனுக்குப் பெயர் இருந்துகொண்டுதான் இருக்கிறது. கறுப்பின இளைஞர்களை ராஜகம்பீரமாக வரையப்போவதாகச் சொல்லி, ஓவியர் அடேல் அவனைத் தெருவில் பிடித்து, மூன்று மதியம் மஞ்சள் கோட்டை மாட்டி உட்காரவைத்தாள். வரைந்து முடித்ததை அவன் இன்று கண்காட்சியில்தான் பார்க்கிறான். பார்த்தால், பெயரைக் காணோம்! இன்னும் ஒரு மணி நேரத்தில் அம்மா லொரெட்டா, சர்ச்சுப் பெண்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

கண்காட்சியின் மேலாளர் திருமதி விட்காமிடம் ஓடினான்.

"மேடம், அந்த மஞ்சள் கோட்டு நான்தான். என் பேரைப் போடணும்."

அவள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "படத்துல தாடி இல்லையே?"

"அது கலை மேடம். தாடியை விலக்கி, உள்ளே இருக்கறவனை வரைஞ்சிருக்காங்க."

ஓவியரைக் கேட்கலாம் என்றால், அவள் வரவேண்டிய ரயில் எங்கோ நின்றுவிட்டது. போனும் எடுக்கவில்லை.

படத்தருகே, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு நின்ற காவல்காரப் பெண், "நல்லாப் பாருங்க. அது நீங்கதானா?" என்றாள்.

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" அவள் பக்கம் திரும்பாமலே எரிந்து விழுந்தான்.

எதிர்ச்சாரியில் முடிதிருத்தகம் இருந்தது. ஜமாரி போய் நாற்காலியில் விழுந்தான்.

"ரெண்டு வருஷம் வளர்த்ததாச்சேடா! ஏன்?" என்றார் கடைக்காரர்.

"அடையாளத்துக்காகண்ணே. எடுங்க."

"இருக்கற அடையாளத்தைத்தானேடா எடுக்கச் சொல்றே!"

வழவழவென்று திரும்பி வந்தான். திருமதி விட்காம் அடையாள அட்டை கேட்டாள். ஓட்டுநர் உரிமத்தை நீட்டினான். அதில் தாடி அடர்த்தியாக இருந்தது.

"இது நீங்க இல்லையே?"

"இப்பத்தான் மேடம் எடுத்தேன்!"

"அப்போ படத்துல இருக்கறதும் நிச்சயமில்ல, அட்டையில இருக்கறதும் நிச்சயமில்ல."

கண்ணாடிக் கதவில் ஜமாரி தன் முகத்தைப் பார்த்தான். வெயிலே படாத தாடையோடு எவனோ ஒருத்தன் முழித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில், சர்ச்சுக்குப் போடும் ஏழு பெரிய தொப்பிகள் உள்ளே நுழைந்தன. முன்னால் வந்தவள் லொரெட்டா.

"தம்பி, இங்க என் பையன் ஜமாரியைப் பார்த்தியா?"

"அம்மா, நான்தாம்மா!"

"அடப்பாவி! உங்கப்பன் தாடையை மறைக்கத்தானேடா கடவுள் உனக்கு தாடியையே குடுத்தாரு!"

"அதை விடும்மா, படத்தைப் பாரு."

லொரெட்டா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "இவ்வளவு அழகான காது நம்ம வம்சத்துலயே கிடையாதே..."

"மூக்கு அப்படியே உன் மூக்குதான் லொரெட்டா!" என்றாள் தொப்பிகளில் ஒருத்தி.

அவ்வளவுதான். லொரெட்டா மேலாளர் பக்கம் திரும்பினாள். "என் பிள்ளைக்கா பேரில்ல? ஒன்பது மாசம் யோசிச்சு வெச்ச பேரும்மா அது!"

ஏழு தொப்பிகளும் சூழ்ந்துகொண்டன. திருமதி விட்காம் பேனாவை எடுத்து, 'பெயர் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'ஜமாரி' என்று எழுதினாள்.

"அல்லேலூயா!"

கூடமே கைதட்டியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து கைகுலுக்கினார்கள். லொரெட்டா அவன் தோளில் சாய்ந்து அழுதாள். இந்த ஊரில் அவனைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கியவர்கள் உண்டு. நின்று பார்த்தவர்கள் இன்றுதான்.

அந்தச் சந்தோஷத்தில் காவல்காரப் பெண்ணிடம் போனை நீட்டினான். "என் மேல கோபம் வெச்சுக்காதீங்க. என்னையும் படத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்களேன்."

அவள் போனை வாங்கிக்கொண்டு தொப்பியைக் கழற்றினாள். ஒட்ட வெட்டிய தலை. அழகான காது.

"தாராளமா எடுக்கறேன். ஆனா இது நான்தாங்க. எனக்கும் இதே கோட்டைத்தான் மாட்டிவிட்டாங்க. பேர் போடவேண்டாம்னு நான்தான் சொன்னேன். உங்க படம் அடுத்த ரூம்ல இருக்கு, பேரோட, தாடியோட."