கறந்து பார்த்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

நைனார்பாளையம்,
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் தீனதயாளன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கமலாவின் வீட்டுக்காரன் கண்ணாயிரம் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், கமலா, உங்கள் மருமகள் தனுஷா, கறவை மாடு இரண்டு, எல்லோரும் சுகம். சென்னையில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் "ஒரு நிமிஷம் மாமா" என்று ஆரம்பித்து நீங்களே பேசி முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனுஷா சென்னைக்கு வரமாட்டாள். காலேஜ் முடித்த பிள்ளைக்கு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்று வேலை கொடுத்ததும், அவர்கள் அனுப்பும் விளையாட்டை ஆடிப் பார்த்து எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதி அனுப்புவதுதான் வேலை என்பதும், ஒரு மாதம் வீட்டிலிருந்தே செய்து காட்டினால் நிரந்தரம் என்று சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அதற்கு நம் வீட்டு கம்ப்யூட்டர் போதாது, படத்தை வேகமாக ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றை உள்ளே மாட்ட வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். சொன்னதோடு விட்டீர்களா? நைனார்பாளையத்தில் இதெல்லாம் சரிப்பட்டு வராது, வெயில் ஜாஸ்தி, கரண்ட் கம்மி, நல்ல கார்டு எது என்று உங்களுக்குப் பார்க்கத் தெரியாது, பிள்ளையை என் வீட்டு மாடி அறைக்கு அனுப்பிவிடுங்கள் என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். இருப்பது ஒரே பிள்ளை. அவளை பஸ் ஏற்றிவிட்டு நானும் உங்கள் அக்காளும் எதிரெதிரே உட்கார்ந்து யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது? அதனால் கார்டை நானே பார்த்து வாங்குவது என்று அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் மாடு வாங்குகிறவன் என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் சந்தைக்குப் போவதில்லை. நாலு காலும் வாலும் உள்ளதையே பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்கு இந்தத் தகரப் பலகை எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடைக்குத் தனுஷாவும் நானும் போனோம். கடைப் பையன் ஒரு கார்டின் படத்தைக் காட்டி, இதில் மூன்று விசிறி இருக்கிறது, சூடே ஏறாது, இதுதான் உங்களுக்குச் சரி என்றான். நான் அவனை உட்காரச் சொல்லி விளக்கினேன். மூன்று காம்பில் பால் வருகிற மாட்டை எங்கள் பக்கம் யாரும் வாங்கமாட்டார்கள், ஒன்று அடைத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம், இரண்டு இருந்தால் காட்டு, நாலு இருந்தால் ரொம்ப நல்லது, ஒற்றைப்படை வேண்டாம் என்றேன். தனுஷா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அது ஃபேனுப்பா, காம்பு இல்ல" என்றாள். எனக்குத் தெரியாதா? ஒரு கணக்குக்குச் சொன்னேன். சரி, இரண்டு விசிறி உள்ளதையாவது பெட்டியைப் பிரித்து ஓட்டிக் காட்டு என்றால், பில் போட்ட பிறகுதான் பெட்டியைப் பிரிப்போம் என்கிறான். நீங்களே சொல்லுங்கள் மச்சான், கறந்து பார்க்காமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற வழக்கம் நம் குடும்பத்தில் உண்டா? கடையை விட்டு இறங்கிவிட்டேன். தனுஷா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

அப்புறம் அவளே செல்போனில் தேடி, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த கார்டு ஒன்று விற்பனைக்கு இருப்பதைக் கண்டுபிடித்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை. அங்கே டீக்கடை வைத்திருப்பவர் மகன் சரத்குமார் என்று ஒரு பையன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதற்குள் விளையாட்டுச் சாமான்களை எல்லாம் ஒழிக்கச் சொல்லி அவன் அம்மா உத்தரவு போட்டிருக்கிறார். கார்டுக்கு விசிறி இரண்டு. எனக்கு அப்போதே மனசு ஒப்பிவிட்டது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. கறவை மாடு வாங்குகிறவன் முதல் நாள் சாயங்காலமே போய் உட்கார்ந்து கண்ணெதிரில் ஒரு வேளை கறக்கச் சொல்லி, அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் இன்னொரு வேளையும் கறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் பேச்சை முடிப்பான். ஏனென்றால் முந்தின வேளை பாலைக் கறக்காமல் மடியிலேயே நிறுத்தி, ஆள் வந்ததும் குடம் குடமாகக் காட்டுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கு உள்ள முறை கார்டுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? சாயங்கால பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் கார்டைக் கழற்றிக் கையில் கொடுக்க வந்தான் சரத்குமார். கழற்றாதே, ஓட்டு என்றேன். கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டான். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, புறங்கையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாட்டுக்குக் காய்ச்சலா என்று காது மடலைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. பையன் போதுமா என்று கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஓட்டப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். விரல் வலிக்கிறது என்று அவன் எழுந்துபோக, அவனுக்குப் பதில் அவன் அப்பா கொஞ்ச நேரம் கார் ஓட்டினார், பாவம், போன இடமெல்லாம் இடித்தார். பெட்டி சில்லென்று இருந்தது. ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் பார்க்கிறேன் என்றதும் அந்த அம்மாளின் முகம் ஒரு மாதிரி ஆனது உண்மைதான், ஆனாலும் சாமைச் சோறும் கீரையும் வயிறாரப் போட்டார்கள். காலையில் வெளியே பனி மூட்டம். அவர்கள் வீட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டாம் வேளைச் சோதனையையும் முடித்தேன். அப்போதும் சில்லென்றுதான் இருந்தது. பரம சாதுவான கார்டு என்று முடிவு கட்டி, பேச்சை முடித்துக்கொண்டு புறப்பட்டேன்.

புறப்படும்போது சரத்குமார் ஒரு குட்டி ஒயரை நீட்டினான். மாட்டை விற்கிறவன் கயிற்றைக் கொடுப்பது நம் பக்கம் வழக்கமில்லை, கொடுத்தால் அவன் வீட்டு லட்சுமி கூடவே போய்விடும், வாங்குகிறவனும் கேட்பதில்லை. படித்த பையனுக்கு இது தெரியவில்லையே என்று இரக்கப்பட்டு, ஒயரை அவன் சட்டைப் பையிலேயே வைத்துத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தனுஷா கார்டை மாட்டும்போதுதான் தெரிந்தது, அந்த ஒயர் இல்லாமல் கார்டுக்குக் கரண்ட் போகாதாம். மறுநாள் மறுபடியும் மலை ஏறினேன். தூரத்தில் என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் கதவைச் சாத்தினார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில் கல்யாண வேலை இருக்கும்.

ஒயரை மாட்டி கம்ப்யூட்டரைப் போட்டோம். உங்கள் அக்காள் சூடம் காட்டினாள். படம் கண்ணாடி மாதிரி ஓடியது. தனுஷா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு நான் இன்னும் பத்துத் தடவை மலை ஏறுவேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. பெட்டியைத் தொட்டேன், தோசைக்கல். ஆற வைத்துப் போட்டால் ஓடுகிறது, சூடு ஏறினால் படுத்துக்கொள்கிறது. முதல் விளையாட்டை மறுநாளே முடித்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், பிள்ளை கண் கலங்கிவிட்டாள். அப்போது கமலா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அக்காளை அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா. "மலை மேல குளிர்ல கம்பளி போத்திக்கினு பாத்துட்டு வந்தா இங்க வெயில்ல எப்பிடிங்க ஓடும்? வெள்ளிமலைல வூடு எடுத்துக்கினு போயிடலாமா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் கார்டின் மேல் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் முழுக்க சித்திரை மாதத்தின் மேல்தான்.

நம் வீட்டில் எந்த நேரமும் விசிறி ஓடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். மாட்டுக்கொட்டகை. சீமைக் கலப்பு மாடு வெயில் தாங்காது என்று பெரிய விசிறி போட்டு வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை மேசையோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தோம். முதல் நாள் விசிறியைக் கார்டின் பக்கம் திருப்பியதில் மாடு கோபித்துக்கொண்டு பாலைக் குறைத்தது. இரண்டாம் நாள் மாட்டின் பக்கம் திருப்பியதில் கார்டு படுத்தது. மூன்றாம் நாள் இன்னொரு விசிறி வாங்கி வந்து சமாதானம் செய்து வைத்தேன். மாடு வாலை வீசும்போதெல்லாம் கீபோர்டில் எதையாவது தட்டிவிடும், ஒரு தடவை தனுஷா எழுதி வைத்ததைப் பாதியிலேயே கம்பெனிக்கு அனுப்பியும் விட்டது. கம்பெனிக்காரர்கள் வீடியோவில் பேசும்போது பின்னால் மாடு கத்தியது, யாரம்மா அது என்று கேட்டார்களாம். தனுஷா கொஞ்சமும் வெட்கப்படாமல் கேமராவைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். என் பிள்ளை.

அந்த இடத்தில் வைத்ததில் எவ்வளவு பெரிய நன்மை விளைந்தது என்பதைக் கேளுங்கள். கம்பெனி அனுப்பிய விளையாட்டு ஒன்றில் ஒரு கிராமம் வருகிறது, அதில் மாடுகள் படுத்து எழுந்திருக்கின்றன. அதை ஆடிக்கொண்டிருந்த தனுஷா திடீரென்று நிறுத்திவிட்டு, நம் மாடு எழுந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜ மாடு பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். விளையாட்டு மாடு குதிரை மாதிரி முன்னங்காலை ஊன்றி எழுந்தது. அதை எழுதி, நம் மாட்டை வீடியோவும் எடுத்து அனுப்பிவிட்டாள். அங்கே ஒருத்தர் கண்ணிலும் படாத ஓட்டையாம் அது, பெரிய மேனேஜரே பாராட்டி எழுதியிருந்தார். மாடி அறையில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா? சொல்லுங்கள்.

ஆகவே, கார்டு எது நல்லது என்று எனக்குப் பார்க்கத் தெரியாது என்று நீங்கள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமாவதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளை இங்கிருந்தே வேலை பார்ப்பாள், இங்கேயே சாப்பிடுவாள். மாடி அறையை நீங்கள் யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம். உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதங்கள். திருவிழாவுக்கு நீங்கள் எல்லோரும் வந்து கொட்டகையில் கார்டு ஓடும் அழகைப் பார்த்துவிட்டுப் போகும்படி அன்போடு அழைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமா,
கண்ணாயிரம்.

பின்குறிப்பு: மாடி அறையை யாருக்கும் விட்டுவிட வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது கம்பெனியிலிருந்து தனுஷாவுக்குச் செய்தி வந்தது. வேலை நிரந்தரம். அந்த மாடு விஷயத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பெரிய வேலையிலேயே போட்டிருக்கிறார்கள். அதில் பார்க்க வேண்டியது இன்னும் வெளியில் விடாத ரகசிய விளையாட்டுகளாம், அதனால் ஆபீஸுக்குள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமை சென்னையில் சேர வேண்டும். படித்துக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நீ வேணான்னா சொல்லுப்பா, நான் வரலன்னு எழுதிடுறேன்" என்றாள். "போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணி காட்டுகிற சாக்கில் மாட்டிடம் போய் நின்றுகொண்டேன்.

கார்டைக் கொஞ்சம் மட்டமாகப் பார்த்து வாங்கியிருக்கலாம். இதைக் கமலாவிடம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குவாள். வேறு யாரையும் அனுப்பாமல் நீங்களே போய் நில்லுங்கள் மச்சான்.