டேன் அடித்துக்கொண்டவன் பாடு

இனி பாத்திரம் கழுவுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மாட்டுக்கொட்டகையில் வைத்துத்தான், மாடுகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வீட்டுக்குள் எடுக்க நெஞ்சில் தெம்பு வேண்டாமா?

திங்கட்கிழமை கொழுந்தியாள் கல்யாணம். அதற்காக என் மனைவி நோரீன் வெள்ளிக்கிழமையே உடம்பு முழுக்க, தோலை வெயிலில் காய்ந்த நிறமாக்கும் ஸ்ப்ரே டேன் அடித்துக்கொண்டாள். அயர்லாந்தில் எங்கள் மேயோவில் வெயில் தராத நிறத்தை அதுதானே தரவேண்டும்! முதல் நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மறுநாள் குளிக்கலாம், ஆனால் துண்டால் ஒற்றணும், தேய்க்கக்கூடாது. இருவேளை க்ரீம். சுடுதண்ணீரும் சோப்பும் அதிகம் பட்டால் திட்டுத் திட்டாக உரியும். கல்யாண ஃபோட்டோவில் திட்டு விழுந்தால் எனக்கு ஆயுசுக்கும் திட்டு விழும். அவள் பக்கத்தில் தும்மக்கூடப் பயம்.

வீடு நிறைய விருந்தாளி. மலை மாதிரி பாத்திரம், அத்தனையும் என் தலையில். ஞாயிறு மத்தியானம் கவுண்டி கால்பந்து ஃபைனல், என் பையில் ஒரே ஒரு டிக்கெட்.

ஞாயிறு காலை, நோரீனுக்கு டேன் அடித்த ஆஷ்லின் கடைக்கு ஓடினேன். கல்யாணக் கூட்டத்துக்காகத் திறந்து வைத்திருந்தாள். எனக்கும் அடித்துவிட்டாள். காரட் நிறத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அடப்பாவி மனுஷா! என்ன கோலம் இது?"

"டேன்... எனக்கும் இன்னிக்குத் தண்ணி படக்கூடாதாம், நோரீன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அய்யோ பாவம். அப்ப மேட்ச்சுக்கு எப்படிப் போவ?"

"ஏன்?"

"வெளிய பாரு."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேயோவில் பிறந்தவன், மழையை மறந்தேன் பாருங்கள்!

"இதுல போனா வரிவரியாத்தான் வருவ. நாளைக்குச் சர்ச்சுல எங்கம்மா பக்கத்துல வரிக்குதிரையா உக்காருவியா? டிக்கெட்டைக் குடு. எங்க அண்ணன் மகன்தான் கோல் கீப்பர், நான் பாக்க வேணாமா?"

"நீ நனைஞ்சா?"

"நான் நேத்தே குளிச்சாச்சு, நிறம் பிடிச்சாச்சு. மழை என்ன சோப்புத்தண்ணியா?"

"சரி... பாத்திரம்?" என்றேன்.

கொட்டகைக்குப் போய், மாடு ஈனும்போது கன்றை இழுக்க நான் மாட்டுகிற நீளக் கையுறையைக் கொண்டுவந்தாள். தோள்வரை வரும்.

"இதுக்குள்ள சொட்டுத் தண்ணி போகாது. கழுவு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இதை நீயே மாட்டிக்கிட்டுக் கழுவியிருக்கலாமே!"

நோரீன் என் பையிலிருந்து டிக்கெட்டை உருவிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"கழுவியிருக்கலாம். அப்புறம் மேட்ச்சுக்கு நீயில்ல போயிருப்ப!"