இறங்கியது நாற்காலி மட்டுமே

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மைத்துனியும் நலம். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று அறிய அவளுக்கு மிகுந்த ஆவல். எனக்கு அவ்வளவு இல்லை.

அறக்கட்டளையின் கடிதம் கிடைத்தது. ஆசிரியர்களின் புதுமையான வகுப்பறை முயற்சிகளுக்குச் சிறு நல்கை கொடுக்கும் குழுவின் பார்வையாளர் என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். நேற்றுவரை என் மனைவியின் அக்கா கணவராக இருந்தவர் இன்று 'ஐயா, தங்கள் கவனத்திற்கு' என்று எழுதும்போது நானும் அதே மரியாதையோடு பதில் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரியோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது. நீங்கள் கேட்பது இரண்டு. நடந்ததற்கு நான் மன்னிப்பு எழுதித் தர வேண்டும்; நல்கைப் பணத்தில் வாங்கிய திருப்புளி, குறடு, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டுப் பிள்ளைகளை அட்டையில் கலங்கரை விளக்கம் செய்ய வைக்க வேண்டும். இரண்டும் நடக்காது.

என் விண்ணப்பத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. 'திறந்து பார்' என்பதுதான் திட்டத்தின் பெயர். வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருட்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து பிரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து, மறுபடி பூட்ட வேண்டும். நீங்களும் தலையாட்டினீர்கள். பழுதான பொருட்கள் சீக்கிரமே தீர்ந்துபோகும் என்று எனக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. தீர்ந்ததும் பிள்ளைகள் பழுதாகாத பொருட்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு தாய் இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு கணவரின் கசங்கிய சட்டையோடு பள்ளி வாசலில் நின்றார். ஒரு தந்தை, டிவி ரிமோட் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து ஒரே சேனலில் சமையல் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி அழாத குறை. எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தோம், ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணி மிஞ்சியது, மிஞ்சியதையெல்லாம் ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு ஜன்னலோரம் வைத்தோம், அதைப் பார்த்த தலைமையாசிரியர் இதெல்லாம் என் மண்டையிலிருந்து கழன்றவை என்று ஆசிரியர் அறையில் சொன்னாராம். சொல்லட்டும். தம் அறையில் மின்விசிறியைப் போட்டால் பள்ளி மணி அடிக்கிறது என்பது அவருடைய கோபம். பிள்ளைகள் கை வைப்பதற்கு முன்னால் அந்த மணி அடித்ததே இல்லை. வாட்ச்மேன்தான் வராந்தாவில் நின்று கத்துவார். இப்போது அடிக்கிறது. எப்போது அடிக்க வேண்டும் என்பது அடுத்த கட்டம். அவருக்குப் புழுக்கம் தாங்காத நாளில் பிள்ளைகள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள். இதுவரை ஒரு பிள்ளைகூடப் புகார் சொல்லவில்லை.

இனி உங்கள் விஷயம். ஆய்வுக்கு வந்தீர்கள். இருப்பதில் நல்லது என்று சுழல் நாற்காலியைப் போட்டோம். முந்தின வாரம் பிள்ளைகள் அதைப் பிரித்துப் பூட்டியிருந்தது உண்மை. நான் உட்கார்ந்து பார்த்தேன், தாங்கியது. உங்களையும் தாங்கியது. கீழே தள்ளவில்லையே. நீங்கள் அறக்கட்டளையின் நோக்கங்களை வாசிக்க வாசிக்க அது மெள்ள இறங்கியது, அவ்வளவுதான். தொடக்கத்தில் மேசைக்கு மேல் உங்கள் தொந்தி தெரிந்தது; நடுவில் சட்டைப்பை தெரிந்தது; 'முடிவாக' என்று சொன்னபோது மூக்குக்கண்ணாடியும் நெற்றியும். வாசிப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் தோற்றதாகிவிடும் என்று நினைத்தீர்கள். அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், உங்கள் இடத்தில் நானும் தரைவரை போயிருப்பேன்.

நீங்கள் எழுந்திருக்க முடியாமல் மேசையைப் பிடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காருங்களேன். எவ்ளோ எறங்குதுன்னு அளந்துக்கறோம்" என்றாள். இதைத்தான் 'மாணவர்களின் ஒழுங்கீனம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வராந்தாவில் என்னிடம், "ஏன் சகலை, எல்லா வாத்தியாரும் பிள்ளைங்கள வெச்சு எதையாவது செய்யறாங்க, நீங்க மட்டும் ஏன் செஞ்சு வெச்சதப் பிரிக்கறீங்க?" என்றும் கேட்டீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் 'ஊமைக்கோட்டான்' என்று பட்டப்பெயர். பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். நாற்காலியைப் பிரித்தவளும் பூட்டியவளும் அவள்தான். என் வகுப்பில் அவள் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது. அதைக் கேட்கும் பாக்கியம் உங்களுக்குக் கிடைத்தது, நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது 'குறடு குடு', 'அதத் தொடாத' என்று வகுப்பையே அதட்டுகிறாள். பெட்டி போனால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். அட்டைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆகவே பெட்டி வராது. மன்னிப்பும் வராது. குழு கூடி என் பெயரை அடித்துவிடட்டும். அடிக்கும் பேனா எழுதாவிட்டால் எங்களிடம் அனுப்புங்கள்.

நல்லது எப்போதும் உங்கள் பக்கம்தானே. மாமனார் மூத்த மாப்பிள்ளைக்கு ஊசல் கடிகாரம் கொடுத்தார், இளையவனுக்குக் குடை. அந்தக் கடிகாரம் இத்தனை வருஷமாக உங்கள் கூடத்தில் என்னைப் பார்த்து அடிக்கிறது. குடை முதல் மழையிலேயே மல்லாந்துவிட்டது. இதைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, உங்கள் மைத்துனியிடம் தினமும் சொல்வதைத் தவிர. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு, "அத்தானுக்கு இப்படியா எழுதறது? இனிமே அங்க போனா உக்கார நாற்காலி போட மாட்டாங்க" என்கிறாள். நின்றுகொண்டே பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம்.

இறங்கி வராத,
உங்கள் சகலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் உங்கள் டிரைவர் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மாமனாரின் கடிகாரம், ஓடாமல். காகிதத்தில் மடித்த மூன்று திருகாணிகள். கூடவே உங்கள் சீட்டு: "சகலை, படுத்துக்கிட்டே அதையே பாத்துட்டிருந்தேன். உள்ள என்னதான் இருக்குன்னு தோணிப்போச்சு. பூட்டிட்டேன், மூணு மிஞ்சுது. வீட்ல சொல்லிடாதீங்க. அந்தப் பொண்ணுகிட்ட காட்டுங்க."

மேலே உள்ளதைக் கிழிக்கத்தான் நினைத்தேன். இவ்வளவு நன்றாக அமைந்த கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. படிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை வகுப்புக்கு எடுத்துப்போனேன். திறந்து பார்த்தவள், "இதப் பூட்டினது யாரு சார்? வரச்சொல்லுங்க, பேசணும்" என்கிறாள்.

வாருங்கள். நாங்கள் எல்லோரும் தரையில்தான் உட்காருகிறோம்.