கண்ணாடியாரின் நாற்பத்தெட்டாவது மீசை

இலங்கை மலைநாட்டில், ரயில் வருவதற்கு முந்திய பதுளையில், ஆண்பிள்ளைகளின் மூஞ்சியைக் கடவுள் பாதிதான் செய்து அனுப்பினார். மீதியைச் செய்தவர் கண்ணாடியார். கடவுள் செய்த பாதியைக் குறை சொன்னவர்கள் எத்தனையோ பேர். கண்ணாடியார் செய்த பாதியைக் குறை சொல்லி ஜெயித்தவன் ஒருவனும் கிடையாது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. கடைத்தெருக் கோடியில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சாக்கை விரித்து, சவரம் செய்துகொண்டிருந்தார். ஏதோ ஒரு துரை பங்களா ஏலத்தில் வந்த பெரிய கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். அதை எப்போதும் சுவரைப் பார்க்கத் திருப்பித்தான் வைத்திருப்பார். வேலை முடிகிற வரை வந்தவன் தன் முகத்தைப் பார்க்கக் கூடாது.

"கொஞ்சம் திருப்புங்கய்யா, பாத்துக்கிறேன்" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"ஒலை கொதிக்கையில மூடியத் தெறந்து தெறந்து பாப்பீங்களா? சும்மா உக்காருங்க."

முடிந்ததும் ஏதோ கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி கண்ணாடியை மெதுவாகத் திருப்புவார். ஒருமுறை பசறைப் பக்கத்துக் கங்காணி ஒருவர் பார்த்துவிட்டு, "என்னய்யா, மீசை நல்லால்லையே" என்றார். கண்ணாடியார் நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மீசை சரியாத்தான் இருக்கு. மூஞ்சிதான் அதுக்கு ஒத்து வரல. மூஞ்சிய என்னன்னு பாருங்க, மொதல்ல."

அந்தக் காலத்தில் நான் அதே தெருவில் மிட்டாய்க் கடை வைத்திருந்தேன். இன்றைக்கு மூன்று ஊரில் என் கடை இருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு அண்டாவும் ஒரு கரண்டியும்தான். பள்ளிக்கூடத்து வாசலில் மிட்டாய் விற்றிருக்கிறேனே தவிர, உள்ளே போய் உட்கார்ந்தவன் இல்லை. ஆனால் சீனிப்பாகில் பொம்மை பிடிக்க ஊவா மாகாணம் முழுக்க என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, தின்றவர்கள் சொன்னார்கள். பிறகுதான் நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு வருஷம் அடைமழை. பாதையில் மண் சரிந்து மாட்டுக் கரத்தைகள் வரவில்லை. ஆசாரிக்குப் பலகை இல்லை, பண்டாரத்துக்குப் பூக்கட்ட ஆர்டர் இல்லை, எனக்கு வியாபாரம் இல்லை, கண்ணாடியாரிடம் சவரத்துக்கு ஆள் இல்லை. நாலு பேரும் கோவில் வாசலில் உட்கார்ந்து, யார் தொழில் உசத்தி என்று காலையிலிருந்து மாலை வரை சண்டை போட்டோம். கோவில் தர்மகர்த்தா ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவருக்குக் காது வலித்துவிட்டது.

"ஏம்ப்பா, வாய ஓட்டுறதுக்குக் கைய ஓட்டுங்களேன். தைப்பூசத்துக்கு இன்னும் நாப்பத்தெட்டு நாள் கெடக்கு. தெனம் ஆளுக்கு ஒண்ணு புதுசா செஞ்சு, வெளக்கு வைக்கிற நேரத்துல இங்க கொண்டாந்து காட்டுங்க. ஒரு நாள் செஞ்சத மறு நாள் செய்யக் கூடாது. ஒரு நாள் தவறுனாலும் வெளிய. கடைசி வரைக்கும் எவன் நிக்கிறானோ, அவன் தலையில பரிவட்டம்."

பரிவட்டம் என்றால் சாமி கழுத்தில் கிடந்த பட்டு. அதை ஊருக்கு முன்னால் தலையில் கட்டுவார்கள். அதுவரை அது பெரிய முதலாளிகளுக்கும் பெரிய கங்காணிகளுக்கும் மட்டும்தான். காலில் செருப்பில்லாமல் இந்த மலைக்கு நடந்து வந்தவன் நான். அந்தப் பட்டு ஒரே ஒரு தடவை என் தலையில் ஏற வேண்டும் என்று, அன்றைக்கு எனக்கு உண்டான வெறியை என்னவென்று சொல்ல!

ஆசாரி கண்ணாடியாரைப் பார்த்துச் சிரித்தான். "நீ என்னய்யா செய்வ? தெனம் ஒரு மொட்டையா?"

"மீசை" என்றார் கண்ணாடியார். "தெனம் ஒரு மீசை. நாப்பத்தெட்டும் வேற வேற."

ஆசாரி ஒன்பதாம் நாள் பலகை தீர்ந்து வெளியே போனான். பண்டாரம் இருபதாம் நாள் காய்ச்சலில் படுத்தான். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

நான் செய்ததை எல்லாம் சொல்கிறேன், கேளுங்கள். சீனியில் மயில் செய்தேன், தேர் செய்தேன், கொழுந்துக் கூடையோடு பெண் செய்தேன், அதுவரை கண்ணால் காணாத ரயிலைக்கூடச் செய்தேன். ஆனால் மழைக்காற்றுக்கும் சீனிக்கும் ஆகாது. கடையில் யானையாகக் கிளம்பியது கோவில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தும்பிக்கை கரைந்து பன்றியாகிவிடும். கூடியிருந்தவர்கள் "அட, பன்னி நல்லாருக்கே!" என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

கண்ணாடியாருக்கு அந்தக் கவலை ஏது? அவர் செய்தது கம்பளி போர்த்திக்கொண்டு மழையில் நடந்தே போயிற்று. ஒரு நாள் 'நமுனுகுல மீசை': மலையைப் போலவே வரிசையாகச் சிகரம். அடுத்த நாள் 'துன்ஹிந்தை மீசை': இரண்டு பக்கமும் அருவியாகத் தொங்கும். 'பசறை ரோட்டு மீசை' என்று ஒன்று, மூக்கில் புறப்பட்டுக் காதுக்குப் போவதற்குள் ஏழு வளைவு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்து மீசை. ஒரு கரத்தைக்காரனுக்கு ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் முறுக்கிவிட்டு, "மலை ஏறையில இந்தப் பக்கம் காட்டு, எறங்கையில அந்தப் பக்கம் காட்டு" என்று அனுப்பினார். மறுநாள் அவனுடைய மாடு அவனை அடையாளம் தெரியாமல் நுகத்தடிக்கு வர மறுத்துவிட்டதாம். நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்களை நம்பவும் மாட்டேன். ஆனால் ஊர் அதைத்தான் பேசியது.

தோட்டங்களில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது, இன்றைக்கு எவன் மூஞ்சியில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு துரைகூட வரிசையில் நின்ற ஒருவனைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்றார்கள். அந்தத் துரை அதற்கு முன் சிரித்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்பிள்ளை தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டுக்காரரு மூஞ்சிய என்னய்யா பண்ணுன? லயத்து வீட்டு வாசல்ல நாய் கொலைக்குது!"

"நாயி நல்லதப் பாத்தா கொலைக்கும்மா" என்றார் கண்ணாடியார். அவளே சிரித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்!

என்னுடைய சீனிப் பெண்ணைக் கூடையோடு எறும்பு தூக்கிக்கொண்டு போனபோது, ஏனென்று கேட்க ஆளில்லை.

இனிமேல் நான் எழுதப் போவது நல்லவன் செய்கிற காரியம் இல்லை. நாற்பது நாள் கடந்ததும் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. வெட்டிய மீசை மறுபடி வளர மாசக்கணக்காகும். பெரிய மீசைகள் தீர்ந்துகொண்டு வந்தன. மீசையோடு கடைத்தெருவுக்கு வந்தவனை எல்லாம் கூப்பிட்டு, ஒரு லட்டைக் கையில் வைத்து, "கண்ணாடியாருக்கு இப்பல்லாம் கை நடுங்குதுப்பா. நேத்து ஒருத்தன் ஒதடு தப்புனது தெய்வச் செயல்" என்று சொல்லி அனுப்பினேன். பச்சைப் பொய். லட்டு இனிப்பாக இருந்ததால் பொய்யும் இறங்கியது.

அப்படியும் மனுஷன் நாற்பத்தேழைத் தொட்டுவிட்டார். அன்று மாலை கோவில் வாசலில் சுற்றுமுற்றும் பார்த்தார். வெட்டத் தகுந்த மீசையாக ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது என் மூக்குக்குக் கீழே இருந்தது.

"அண்ணே, நாளைக்கு ஒங்க மூஞ்சி வேணும்."

"போய்யா, ஆளப் பாரு."

தர்மகர்த்தா என் தோளில் கை போட்டார். "குடுத்துருப்பா. நீ உன்னோடத செய்யி, அவன் அவனோடத செய்யட்டும். போட்டி அழகா முடியட்டும்." ஊரே என் உதட்டைப் பார்த்தது. முடியாது என்றால் அற்பன், சரி என்றால் தோற்றவன்.

விடியற்காலையில் பாகை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஒரு பழைய கத்தியை எடுத்து என் மீசையை நானே வழித்துவிட்டேன். மீசையே இல்லாதவனிடம் எதைக் கேட்பார்? மூன்று இடத்தில் வெட்டுப்பட்டது. இடது மூக்குக்கடியில் ஒரு கொத்து மிச்சம் நின்றது. பரவாயில்லை என்று கடைப் பலகையைத் திறந்தேன்.

எதிரே அப்பம் சுடுகிற அக்கா. என்னைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டியைப் போட்டாள்.

"ஐயோ, தம்பீ! அப்பா போயிட்டாரா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஜனத்தில் மீசையை முழுசாக எடுத்தவன் அப்பனைப் பறிகொடுத்தவன். என் அப்பா புதுக்கோட்டைப் பக்கத்தில் திடமாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். "இல்லக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். இல்லை என்றால் எதற்கு எடுத்தாய் என்று கேட்பாளே? இரண்டு மூச்சு தாமதித்தேன். அந்த இரண்டு மூச்சையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் கடை நிறைந்துவிட்டது. நாலு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, என் அப்பாவைப் பார்த்தே இராதவர்கள், அவர் அழகைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று அக்கா என் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். அண்டாவில் பாகு இறுகிக் கல்லாயிற்று. என் நாற்பத்தெட்டாவது பொம்மை அதற்குள் செத்துக் கிடந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. "பாவம், அப்பா மேல உசுரு" என்றார்கள்.

தர்மகர்த்தா குடையோடு வந்தார். "எப்பப்பா தபால் வந்துச்சு? சரி, மனசத் தேத்திக்க. தீட்டு இருக்கு, கோவில் பக்கம் வராத. ஒரு வருஷம் போகட்டும்."

ஒரு வருஷம்! அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் என் பொறாமை சந்தி சிரிக்கும். இறந்துவிட்டார் என்றால் கோவில் வாசலையே மிதிக்க முடியாது.

சாவு வீட்டுக்கு நாவிதர் வர வேண்டும் அல்லவா? யாரோ ஓடிப்போய்க் கண்ணாடியாரைக் கூட்டி வந்தார்கள். ஒரு விரலால் என் தாடையைத் தூக்கினார். மூன்று வெட்டையும் பார்த்தார். மிச்சம் நின்ற கொத்தைப் பார்த்தார். அப்புறம் என் கண்ணைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் பரப்பிய பொய்யும் அவர் காதுக்கு முன்னமே போயிருந்தது.

திரும்பி நின்று சொன்னார்: "யாரு செத்தா? ஒருத்தரும் சாகல. அழுகைய நிறுத்துங்க. இது என் வேலை. நாப்பத்தெட்டாவது."

அழுகை பாதியில் நின்றது. "இதுல மீசை எங்கய்யா இருக்கு?" என்றார் தர்மகர்த்தா.

"அதானே புதுசு? நாப்பத்தேழு நாளு வச்சுப் பாத்தேன், இன்னைக்கு எடுத்துப் பாத்தேன். வெளக்கு வைக்கிற வரைக்கும் வாயத் தொறக்கப்புடாதுன்னு அண்ணங்கிட்ட நாந்தான் சத்தியம் வாங்குனேன்."

"அப்பன் உசுரோட இருக்கையில மீசைய எடுக்கலாமாய்யா?" என்றாள் அக்கா.

"முருகனுக்குத் தலையையே மொட்ட அடிக்கிறோம். ஒதட்ட அடிக்கப்புடாதா?"

கூட்டம் சிரித்தது. தர்மகர்த்தா மட்டும் குனிந்து என் உதட்டைப் பார்த்தார். "அது சரி, இது என்னய்யா ரத்தம்?"

கண்ணாடியார் கையால் ஒரு சொட்டு ரத்தம் வந்து யாரும் பார்த்ததில்லை. "அண்ணன் தலைய ஆட்டிட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என்னோடு போயிருக்கும். வெறும் கெட்டிக்காரன் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"கை நடுங்கிருச்சுங்க" என்றார் கண்ணாடியார்.

கல்லாய்ப் போன பாகில் என்னால் பொம்மை பிடிக்க முடியவில்லை; பரிவட்டம் அவர் தலையில் ஏறியது. மழையில் நின்று வெறும் உதட்டோடு அதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அந்தப் பட்டை நினைத்தால் இன்றும் எரிகிறது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு பெரிய இடங்களில் அவரைக் கூப்பிடுவது குறைந்தது. கை நடுங்குமாமே என்றார்கள். ஒருநாள் என் கடையில் வைத்தே தோட்டத்துக் கிளாக்கர் பையன் ஒருவன் கேட்டான்: "மிட்டாய் மொதலாளி ஒதட்ட அறுத்தவரு நீங்கதானே?" கண்ணாடியார் என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.

"ஆமா தம்பி" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் பட்ட கஷ்டத்தையும் முன்னுக்கு வந்த கதையையும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. கண்ணாடியார் போய் வெகு காலமாகிறது. படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: அந்த மூன்று வெட்டும் நான் போட்டவை. அவர் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை.